எந்த பைண்டிங் மெஷின் வாங்கலாம்? வாசகர் கேள்வி பதில்

அலுவலகத்துக்கு பைண்டிங் மெஷின் வாங்குவது பற்றியும், வாங்கிய மெஷின் படுத்தும் பாடு பற்றியும் வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்கிறோம். தாள் எண்ணிக்கை வரும் இடங்களில் எல்லாம் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) ஏ4 தாளையே கணக்கில் எடுத்திருக்கிறோம். அந்தத் தாளில் 100 எடுத்து அடுக்கினால் ஏறக்குறைய 10 மி.மீ. தடிமன் வரும். இந்த ஒரு அளவு நினைவில் இருந்தால் வளையம் வாங்கும்போது திண்டாட வேண்டியிருக்காது.

காம்ப், வயர், ஸ்பைரல், தெர்மல் என்று நான்கைந்து பெயர் சொல்கிறார்கள். பத்துப் பேர் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு எது சரி?

எந்த மெஷின் என்று யோசிப்பதற்கு முன்னால், கட்டி முடித்த கட்டுக்கு என்ன ஆகப்போகிறது என்று யோசியுங்கள். நடுவில் தாள் மாற்ற வேண்டி வருமா? மேசையில் விரித்து வைத்துக்கொண்டு வேலை செய்வார்களா? தபாலில் போகுமா? அலமாரியில் பத்து வருடம் கிடக்குமா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி மெஷின்கள் தானாகவே கழிந்துவிடும்.

தாள் மாற்ற வேண்டிய அலுவலகத்துக்கு பிளாஸ்டிக் காம்ப்தான் (சீப்புப் பல் போல வளையங்கள் வரிசையாக உள்ள பட்டை). வளையங்களை அதே மெஷினில் விரித்து, ஒரு தாளை எடுத்து இன்னொன்றைச் சொருகி மூடிவிடலாம். ஏ4 நீளத்துக்கு 21 வளையம். 6 மி.மீ. முதல் 51 மி.மீ. வரை அளவுகள் கிடைக்கின்றன. பெரிய அளவில் 450, 500 தாள் வரை பிடிக்கும். குறை என்னவென்றால், திருப்பி முழுவதும் பின்னால் மடிக்க முடியாது. பார்வைக்கும் கொஞ்சம் சாதாரணமாகத்தான் இருக்கும். கட்டு 38 மி.மீ.க்கு மேல் போனால் எடையில் வளையம் விரிந்து தாள் நழுவ ஆரம்பிக்கும். அவ்வளவு தடிமன் என்றால் இரண்டு பாகமாகப் பிரித்துக் கட்டுவது நல்லது.

வாடிக்கையாளர் கையில் போய்ச் சேரும் அறிக்கை, முன்மொழிவு போன்றவற்றுக்கு இரட்டைக் கம்பி வயர் அழகு. முழுவதும் பின்னால் மடங்கும், தட்டையாக விரியும், எதிரெதிர் பக்கங்கள் நேராக நிற்கும். ஒருமுறை மூடினால் மூடியதுதான்; தாள் மாற்ற வேண்டுமானால் கம்பியை வெட்டிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். தபாலில் நசுங்கினால் கம்பியும் வளைந்தபடியே நின்றுவிடும்.

தபாலுக்கும், பலர் கையில் புரளும் பயிற்சிக் குறிப்புகளுக்கும் பிளாஸ்டிக் ஸ்பைரல் சுருள் தேவலை. அழுத்தினால் நசுங்கும், விட்டால் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். ஆனால் ஒன்று கவனியுங்கள். சுருள் ஒரே சரிவாக ஏறிப் போவதால், விரிக்கும்போது இடப்பக்கமும் வலப்பக்கமும் அரைத் துளை அளவு மேலும் கீழுமாக நிற்கும். வெறும் எழுத்து என்றால் கண்ணில் படாது. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே வரைபடமோ அட்டவணையோ வந்தால் கோடு கோட்டோடு சேராது. அந்த மாதிரி வேலைக்கு வயர்தான்.

தெர்மல் பைண்டிங்கில் துளையே கிடையாது. முதுகில் பசை ஒட்டிய அட்டைக்குள் தாளை வைத்துச் சூடாக்குவது. புத்தகம் போல நேர்த்தியாக இருக்கும், தட்டையாக விரியாது. அதனால் கட்டும் பக்க ஓரம் 25 மி.மீ. இல்லாவிட்டால் எழுத்து முதுகுக்குள் போய்விடும்.

பத்துப் பேர் அலுவலகத்தில் என்ன வேலை என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் உள்ளே புழங்கும் ஆவணங்கள் என்றால் காம்ப் வாங்குங்கள். வெளியே கொடுப்பதுதான் அதிகம் என்றால் வயர். இரண்டும் ஒரே மெஷினில் என்று விற்பதில் ஒரு சங்கடம் உண்டு: காம்புக்கு நீள்சதுரத் துளை, துளைக்குத் துளை சுமார் 14.3 மி.மீ. இடைவெளி. வயருக்கு வேறு துளை, வேறு இடைவெளி. இரண்டு தனி டை (துளையிடும் அச்சு) இருக்கும் மெஷினா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

பெட்டியில் 500 தாள் என்று போட்டிருந்தது. வாங்கி வந்து 30 தாளை வைத்து அழுத்தினால் கைப்பிடி நகரவே இல்லை. மெஷின் பழுதா?

பழுது இல்லை. நீங்கள் படித்தது கட்டும் அளவு. துளையிடும் அளவு வேறு. பெட்டியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் 'ஒரு முறைக்கு 10 தாள்' அல்லது '12 தாள்' என்று இருக்கும். மெஷினின் உண்மையான திறன் அதுதான். கட்டும் அளவு என்பது எவ்வளவு பெரிய வளையத்தை விரித்து மூடலாம் என்பது மட்டுமே. அதற்கு மெஷினில் பெரிதாக ஒன்றும் தேவையில்லை. விளம்பரத்தில் அந்த எண்தான் கொட்டை எழுத்தில் வரும்.

சொன்ன அளவிலும் முக்கால் பங்குதான் போடுங்கள். 12 என்றால் 9. அந்த எண் துளை போடும் கூரான புது உலோகப் பின்களுக்கும் 80 ஜிஎஸ்எம் தாளுக்கும் சொன்னது; 100 ஜிஎஸ்எம் தாளில் அதுவும் குறையும். எப்போதும் உச்ச அளவிலேயே அழுத்தினால் பின்கள் சீக்கிரம் மழுங்கும், கைப்பிடியின் இணைப்பு தளரும். 30 தாளை வைத்து எத்தனை முறை அழுத்திப் பார்த்தீர்கள் என்று தெரியவில்லை. ஒரு தாளை மட்டும் வைத்துத் துளையிட்டு எல்லாத் துளையும் சுத்தமாக விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் கவலையில்லை.

காம்ப் மெஷினில் தாளின் ஒரு ஓரத்துத் துளை மட்டும் கிழிந்து வாய் பிளந்து நிற்கிறது. எல்லாக் கட்டிலும் இப்படியே.

ஏ4 தாளின் நீளம் 297 மி.மீ. காம்பின் 21 துளைகளும் சேர்ந்து முதல் துளையின் வெளி விளிம்பு முதல் கடைசித் துளையின் வெளி விளிம்பு வரை ஏறத்தாழ 294 மி.மீ. எடுத்துக்கொள்ளும். ஆக இரண்டு பக்கமும் மிஞ்சுவது ஒன்றரை மி.மீ. அளவுதான். தாள் ஒரு மி.மீ. தள்ளிப் போனாலும் ஒரு பக்கம் துளை ஓரத்தைத் தின்றுவிடும்.

ஆகவே முதலில், தாளின் ஓரம் முட்டி நிற்கும் பக்கவாட்டுத் தடுப்பைச் சரிசெய்யுங்கள். ஒரு தாளில் துளையிட்டு, அதை நடுவில் மடித்து இரு முனை ஓரங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். துளைகள் ஒத்துப் போக வேண்டும். போகாவிட்டால் எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அதில் பாதியளவு தடுப்பை நகர்த்துங்கள். பிறகு இன்னொரு தாளில் பார்த்துவிட்டு திருகை இறுக்குங்கள்.

அப்படியும் சில கட்டுகளில் மட்டும் வந்தால் தடுப்பைக் குறை சொல்ல முடியாது, அடுக்குவதில்தான் தப்பு. அச்சடித்து வந்த தாளை மேசையில் இரண்டு பக்கமும் தட்டிச் சமன் செய்யாமல் வைத்தால் உள்ளே ஒன்றிரண்டு தாள் தள்ளியே நிற்கும். பிரின்டரிலிருந்து சூடாக வந்த தாள் லேசாகச் சுருண்டிருக்கும். கொஞ்ச நேரம் கனம் வைத்து ஆற விட்டுத் துளையிடுங்கள்.

இதோடு சேர்த்து, அகலவாக்கில் அச்சடித்த ஏ4 தாளைக் குறுகிய பக்கத்தில் கட்டுவது பற்றியும் ஒருவர் கேட்டிருக்கிறார். 210 மி.மீ. பக்கத்தில் 15ஆவது துளை தாளின் ஓரத்தை ஒட்டி விழுந்து கிழியும். அந்த ஒரு பின்னை வெளியே இழுத்துச் செயலிழக்கச் செய்துவிட்டு 14 துளையோடு நிறுத்துங்கள். 21 வளையக் காம்பைக் கத்தரியால் 14 வளையமாக வெட்டிக்கொள்ளலாம். இப்படிப் பின்னை இழுக்கும் வசதி எல்லா மெஷினிலும் இல்லை. ஏ5, அகலவாக்கு என்று பல அளவில் வேலை வரும் அலுவலகம் இந்த வசதி இல்லாத மெஷினை வாங்கவே கூடாது.

வயர் மெஷினில் 200 தாள் கட்ட வேண்டும். கடையில் கொடுத்த பெரிய கம்பி எங்கள் துளைக்குள் பொருந்தவில்லை.

உங்கள் மெஷின் 3:1 வகையாக இருக்க வேண்டும். ஒரு அங்குலத்துக்கு மூன்று துளை, ஏ4க்கு 34 வளையம். இந்த வகையில் கம்பி 14.3 மி.மீ. வரைதான் வரும்; அதில் 120 தாளுக்கு மேல் போட்டால் திருப்பச் சிரமம். அதற்கு மேற்பட்ட கட்டுக்கு 2:1 வகை: அங்குலத்துக்கு இரண்டு துளை, ஏ4க்கு 23 வளையம், கம்பி 16 மி.மீ. முதல் 32 மி.மீ. வரை. துளையின் அளவும் பெரிது. ஒன்றின் கம்பி மற்றதன் துளைக்கு எந்த வகையிலும் பொருந்தாது. இழுத்து நுழைக்கப் பார்க்காதீர்கள்.

200 தாள் எப்போதாவதுதான் என்றால் நூறு நூறாக இரண்டு பாகம் கட்டுங்கள். வாராவாரம் வரும் வேலை என்றால் டை மாற்றக்கூடிய மெஷின் வேண்டும், அல்லது 2:1 தனியாக. வயர் மெஷின் வாங்கப் போகிறவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வியே 'நம் கட்டுகளில் தடிமனானது எத்தனை தாள்' என்பதுதான். சராசரியைப் பார்த்து வாங்கினால் இந்த மாதிரி மாட்டிக்கொள்வோம்.

வயர் போட்ட கட்டில் கடைசித் தாளோ பின்னட்டையோ கழன்று விழுகிறது. கம்பியை இன்னும் அழுத்தி மூடினால் பக்கம் திருப்ப முடியவில்லை.

இரண்டு காரணம். ஒன்று கம்பி அளவு. கட்டின் தடிமனோடு 2 முதல் 3 மி.மீ. கூட்டி வருவதே கம்பியின் விட்டம். 80 தாளும் இரண்டு அட்டையும் சேர்ந்து 9 மி.மீ. என்றால் 11 அல்லது 12.7 மி.மீ. கம்பி. கையில் இருந்த 9.5 மி.மீ. கம்பியைப் போட்டால் தாள் இறுகும், நீங்கள் அதை ஈடுகட்ட மூடும் அழுத்தத்தைக் குறைப்பீர்கள், வாய் திறந்தே இருக்கும்.

இரண்டாவது, மூடும் அளவு. மெஷினில் கம்பியின் விட்டத்துக்கு ஏற்பத் திருப்பும் ஒரு குமிழ் இருக்கும். குறிப்பிட்ட எண்ணில் வைத்து ஒரே அழுத்தாக அழுத்தாமல், ஒரு படி பெரிதாக வைத்து அழுத்திப் பாருங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். கம்பியின் கூர் முனை எதிர்ப்பக்கக் கம்பிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்து, வளையம் உருண்டையாகத் தெரிந்தால் போதும். முட்டை வடிவமாகிவிட்டால் அதிகம் அழுத்திவிட்டீர்கள். அந்தக் கம்பி வீண்.

இன்னொரு நுணுக்கம்: மூடிய வாய் முன்னாலோ பின்னாலோ தெரியாமல் உள்ளே மறைய வேண்டும். இதற்குத் தாள்களைக் கோக்கும்போது பின்னட்டையைக் கடைசியில் வைக்காமல், முன்னட்டையின் மேல், அதன் உட்பக்கம் மேலே தெரியும்படி வையுங்கள். மூடிய பிறகு பின்னட்டையை மட்டும் சுற்றிப் பின்னால் கொண்டுபோனால் வாய் கடைசித் தாளுக்கும் பின்னட்டைக்கும் நடுவே போய்விடும். தாள் கழல்வதும் குறையும்.

தெர்மல் பைண்டிங்கில் தாள் தாளாக உதிர்கிறது. பசை மட்டமானதா?

பசையைக் குறை சொல்லும் முன் இதைப் பாருங்கள். பசை பிடிப்பது தாளின் விளிம்பைத்தான். தாள் முதுகின் அடி வரை போய்த் தொடாமல் நின்றால் பிடிக்காது. அட்டைக்குள் வைத்த பிறகு முதுகுப் பக்கத்தை மேசையில் நன்றாகத் தட்டி இறக்குங்கள். சூடான பிறகும், மெஷினிலிருந்து எடுத்தவுடன் இன்னொரு முறை தட்டுங்கள். பிறகு முதுகு கீழே இருக்கும்படி ஆறும் தட்டில் நிறுத்துங்கள். சூட்டோடு திறந்து பார்க்கும் ஆர்வம்தான் பல கட்டுகளைக் கெடுக்கிறது. தொட்டால் சுடாத வரை காத்திருங்கள்.

அட்டையின் முதுகு அளவும் சரியாக இருக்க வேண்டும். 60 தாளை 12 மி.மீ. முதுகில் வைத்தால் தாள் ஆடும், பசை பரவி நிற்காது.

வழவழப்பான ஆர்ட் பேப்பர் அதிகமுள்ள கட்டை தெர்மலில் போடாதீர்கள். மேல் பூச்சு பசையை உள்ளே விடாது. விளிம்பு வரை நிறம் அச்சடித்த லேசர் தாளும் அப்படியே; கட்டும் ஓரத்தில் 5 மி.மீ. வெள்ளையாக விடுங்கள். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விட்டு வைத்தாலும் பசை இளகிவிடும். உதிர்ந்த தாளைச் சேர்த்து மறுபடியும் மெஷினில் வைத்துச் சூடாக்கலாம் என்பது இந்த வகையின் ஒரு நல்ல குணம்.

ஒப்பந்தங்களில் யாரும் தாளை மாற்றிவிடாமல் கட்ட வேண்டும்.

காம்பை மறந்துவிடுங்கள், திறந்து மூடினால் தடயமே இருக்காது. ஸ்பைரலில் முனை மடிப்பை நிமிர்த்திச் சுருளைச் சுற்றிக் கழற்றிவிடலாம். வயரைத் திறந்தால் கம்பி கோணித் தெரியும், ஆனால் புதுக் கம்பி போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது.

இதற்கென்றே இருப்பது ஸ்ட்ரிப் பைண்டிங். நீளக் கால்கள் உள்ள ஒரு பட்டையை முன்னிருந்து செருகி, பின்னால் வேறொரு பட்டையின் துளைகள் வழியே எடுத்து, மீந்த காலை மெஷின் வெட்டிச் சூட்டில் தலை தட்டிவிடும். அறுக்காமல் பிரிக்க முடியாது. 75 மி.மீ. தடிமன் வரை போகும். தட்டையாக விரியாது. கட்டுவது எதுவானாலும் 'பக்கம் 3 / 47' என்று மொத்தமும் சேர்த்து எண் போட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பம் வாங்குங்கள். கட்டு அதற்கு மாற்று அல்ல.

பழைய கட்டுகளில் மேலே போட்ட பிளாஸ்டிக் அட்டையில் எழுத்து ஒட்டிக்கொண்டு வருகிறது.

பிவிசி அட்டை. அதை வளைய வைக்கும் மென்மையாக்கி மெல்லக் கசிந்து டோனரை இளக்கிவிடும். வெயிலும் கனமும் சேர்ந்தால் சீக்கிரம். பாலியெஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலீன் அட்டை என்று கேட்டு வாங்குங்கள். 0.2 மி.மீ. தடிமன் போதும். இருக்கும் பிவிசிகளைத் தீர்க்க வேண்டுமென்றால் அட்டைக்கும் முதல் பக்கத்துக்கும் நடுவே வெறுந்தாள் ஒன்று வையுங்கள்.

பத்து, இருபது வருடம் வைக்க வேண்டிய ஆவணத்துக்கு எந்த பிளாஸ்டிக் வளையமும் வேண்டாம். நொறுங்கும். நூலால் தைத்துக் கெட்டி அட்டை போடச் சொல்லுங்கள். அது மெஷின் வேலை அல்ல, பைண்டர் வேலை.

மின்சார மெஷின் தேவையா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளில் 150 தாள் கட்டு 15 என்றால் 2,250 தாள். ஒரு முறைக்கு 9 தாள் என்று கையால் துளையிட்டால் 250 அழுத்து, அட்டைகள் தனி. தினமும் இந்த அளவு என்றால் கை கேட்காது, மின்சாரம் வாங்குங்கள். 20 தாள் துளையிடும் மெஷினில் 113 முறை பொத்தான் அழுத்தினால் தீர்ந்தது. மாதத்தில் ஒரே ஒரு நாள் இப்படி என்றால் கை மெஷினே போதும். மின்சாரம் துளையிடுவதை மட்டும்தான் வேகப்படுத்தும். கோப்பதும் மூடுவதும் கையால்தான், அந்த நேரம் குறையாது. தொடர்ந்து எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்று கையேட்டில் இருக்கும். அதைத் தாண்டினால் மோட்டார் சூடாகி நின்றுவிடும்.

மாதம் இரண்டு மூன்று அறிக்கை, அதுவும் 25 தாளுக்குள் என்றால் எந்த மெஷினும் வேண்டாம். முதுகில் நழுவ விட்டுப் பிடிக்கும் பிளாஸ்டிக் பட்டை போதும்.

பழைய மெஷின் ஒன்று விலைக்கு வருகிறது. என்ன பார்க்க வேண்டும்?

தாளும் பிளாஸ்டிக் அட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். முதலில் ஒரே ஒரு தாளில் துளையிடச் சொல்லுங்கள். மழுங்கிய துளைப் பின் அதிகத் தாளில் தப்பித்துக்கொள்ளும், ஒற்றைத் தாளில் பிசிறு காட்டிவிடும். துளைகளை எண்ணுங்கள், ஒன்று குறைந்தாலும் பின் உடைந்திருக்கிறது. பிறகு சொன்ன அளவுக்கு முழுத் தாளையும் வைத்து அழுத்துங்கள். இடப்பக்கத் துளை சுத்தமாகவும் வலப்பக்கம் பாதியும் விழுந்தால் டை கோணிவிட்டது, வாங்காதீர்கள். ஒரு பிளாஸ்டிக் அட்டையை இரண்டு தாளுக்கு நடுவே வைத்துத் துளையிட்டுப் பாருங்கள் (புது மெஷினிலும் பிளாஸ்டிக்கை இப்படித்தான் துளையிட வேண்டும், வெட்டு சுத்தமாக வரும்).

துளைத்துண்டு விழும் தட்டை இழுத்துப் பாருங்கள். அது நிரம்பி வழிந்து துண்டுகள் பின்னுக்கடியில் இறுகியிருந்தால் இத்தனை நாள் பராமரிப்பு எப்படி என்று புரியும். பின்கள் கனமாக ஏறி இறங்கினால் மெழுகுத் தாளை நான்கைந்து முறை துளையிட்டுப் பாருங்கள்; மெழுகு பின்னில் பூசி, ஓட்டம் லேசாகும். லேசாகவில்லை என்றால் தேய்மானம். எண்ணெய் விட்டுக் காட்டினால் நம்பாதீர்கள், அந்த எண்ணெய் முதல் நூறு தாளில் கறையாக வந்து இறங்கும்.

ஓரத்திலிருந்து துளை வரை உள்ள தூரத்தை மாற்றும் குமிழ் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். மெல்லிய கட்டுக்கு 2.5 மி.மீ. போதும், தடித்த கட்டுக்கு 4, 5 மி.மீ. வேண்டும், இல்லாவிட்டால் திருப்பத் திருப்ப ஓரம் கிழியும். கடைசியாக, துளைக்குத் துளை உள்ள இடைவெளியை அளவுகோலால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 14.3, 12.7, 8.5, 6.35 மி.மீ. என்ற நான்கில் ஒன்றாக இருந்தால் வளையம் எளிதில் கிடைக்கும். வேறு எண் வந்தால், அதற்கான வளையம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்த பிறகே பணத்தை எடுங்கள்.